ஓசை அடங்கிய பெட்டி: ஆலங்காயம் மார்கழிக் குறிப்புகள்

மார்கழி 2

இசை கேட்பதற்கென்று ஒதுக்கும் கணினியின் தரம், பாட்டு நின்ற பிறகு அறையில் எவ்வளவு ஓசை மிஞ்சுகிறது என்பதில் தெரிந்துவிடும். அப்படி மிஞ்சுவதை ஒலிப்பொறியாளர்கள் இரைச்சல் தளம் என்பார்கள். அதற்கு மேலே தலை நீட்டும் ஒலி மட்டுமே காதுக்கு எட்டும், கீழே கிடப்பது எத்தனை நுட்பமாகப் பதிவாகியிருந்தாலும் இல்லாததற்குச் சமம். கணினியிலிருந்து இந்த இரைச்சல் மூன்று வழியாக வருகிறது: விசிறியும் சுழலும் வட்டும் காற்றில் எழுப்புவது ஒன்று, மின்கம்பி வழியே ஒலிபெருக்கிக்குள் நுழைவது ஒன்று, பாட்டின் எண்களையே மென்பொருள் யாரையும் கேளாமல் மாற்றிவிடுவது ஒன்று. மூன்றாவதை இரைச்சல் என்று சொல்லலாமா என்பது வாதத்துக்குரியது. இந்தக் குறிப்புகளில் அதுவும் இரைச்சலாகவே கொள்ளப்படுகிறது.

ஆலங்காயம் இந்தச் சோதனைக்குப் பொருந்திய ஊர். டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துப் பாலாற்றுச் சமவெளி ஒருபுறம், ஜவ்வாது மலை மறுபுறம் என இரண்டுக்கும் நடுவே கிடக்கும் இவ்வூர், 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. இங்கிருந்து மலையேறினால் காவலூர் வானாய்வகம். ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டைத் தேடி வந்த வானியலாளர் வைணு பாப்பு, 725 மீட்டர் உயரத்திலுள்ள அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்; 1968 முதல் அங்கே தொலைநோக்கிகள் இயங்குகின்றன, 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கிக்கு 1986இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்த வேளையில், மறைப்புக்கு முன்பாகவே அந்த விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியதைக் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி பதிவுசெய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்ததில் அந்தச் சிறு சரிவுக்கும் பங்குண்டு. பின்னணி வெளிச்சம் கூடுதலாக இருந்திருந்தால் அது வரைகோட்டின் நடுக்கத்தோடு நடுக்கமாகப் போயிருக்கும். தம்புராவின் நாதம் தேய்ந்து மறையும் கடைசி நொடியும் அதே வகைச் சங்கதிதான்.

மார்கழி 3

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குப் போன இயந்திரங்கள், படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் இன்று பரண்மேல் கிடக்கின்றன. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அவற்றில் பலவும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் ஏற்றித் தரப்பட்டவை. சென்னை சி-டாக் உருவாக்கிய அந்த இயங்குதளத்தை எத்தனை பேர் ஒருமுறையாவது திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை. அத்தகைய ஒரு மடிக்கணினியே இவ்வேலைக்குப் பரணிலிருந்து இறங்கியது. பேட்டரி உப்பியிருந்ததால் முதலில் அது கழற்றப்பட்டது. உப்பிய பேட்டரியை வைத்துக்கொண்டு எந்தப் பரிசோதனையும் கூடாது.

மேசைக் கணினியைவிட மடிக்கணினி இதற்கு உகந்தது என்பதற்குக் காரணம் எளிது. அது மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது; 230 வோல்ட்டைக் குறைக்கும் வேலை வெளியே அடாப்டரிலேயே முடிந்துவிடுகிறது; செயலி சூடேறினாலன்றி விசிறி சுழலாது. பாட்டுகள் இருப்பது ஃபிளாக் வடிவில். அது, ஒலித்தரவில் ஒரு பிட் கூட இழக்காமல் கோப்பை ஏறத்தாழ பாதியாகச் சுருக்கும் முறை, 2001 முதல் புழக்கத்தில் இருப்பது. அதை விரித்துப் பாடுவது இந்தப் பழைய செயலிக்கும் அற்ப வேலை. எனவே விசிறியைச் சுழல வைப்பது பாட்டு அன்று, பாட்டோடு சம்பந்தமில்லாமல் திரைக்குப் பின்னால் ஓடும் பரிவாரமே. டெபியன் லினக்ஸ் வரைகலைத் திரையே இல்லாமல் வெறும் எழுத்துத் திரையோடு நிறுவப்பட்டது. செயலி எப்போதும் தன் தாழ்ந்த வேகத்திலேயே இருக்குமாறு அமைக்கப்பட்டது. மூடியைச் சாத்தினாலும் உறங்கிவிடாதபடி ஒரு வரி மாற்றப்பட்டது. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலை கைப்பேசிக்குப் போயிற்று. எம்.பி.டி. எனப்படும் இசைச் சேவையகம் கணினியில் திரைமறைவில் காத்திருக்க, வைஃபை வழியாகக் கைப்பேசி அதற்குக் கட்டளை அனுப்பும்.

விசிறியின் இறகுகளில் கம்பளிபோல் படிந்திருந்த தூசியைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, செயலிக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவே காய்ந்து பொடிந்திருந்த வெப்பப் பசையையும் மாற்றிய பிறகு, கணினி எழும்பும்போது மட்டும் விசிறி ஒருமுறை பெருமூச்சு விட்டு அடங்குகிறது. லினக்ஸின் அருமை அது இலவசம் என்பதில் அவ்வளவாக இல்லை. வேண்டாததைக் கழற்றிவைக்க விடுகிறது என்பதில் இருக்கிறது.

மார்கழி 4

விசிறி நின்றதும் அடியில் கிடந்த இன்னொரு ஓசை வெளிப்பட்டது. மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90 சுற்று சுழல்வது. அந்த 90 ஹெர்ட்ஸ் அதிர்வு ரப்பர் கால்கள் வழியாக மேசைக்கு இறங்கி, மேசைப் பலகை அதை வாங்கி வீணைக்குடம்போல் பெருக்குகிறது. ஷூ கம்பெனியில் அடிப்பாகத்துக்கு வெட்டியதில் மிஞ்சிய தடித்த தோல் துண்டுகள் இந்த வட்டாரத்தில் எளிதில் கிடைப்பவை. அவற்றில் நான்கை அடியில் வைத்ததும் முனகல் பாதியாயிற்று. ஹார்ட் டிஸ்க்கையே எடுத்துவிட்டு, சுழலும் பாகம் எதுவும் இல்லாத எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தியதும் முழுதாக அடங்கிற்று. தோல் துண்டுகளுக்கு அதன் பிறகு அங்கே வேலையில்லை. அதிராத பெட்டிக்கு அடியில் ஆயிரக்கணக்கில் விலை வைத்து மெத்தை விற்கும் கடைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மார்கழி 7

மென்பொருள் வழியைச் சரிபார்க்க நான்கு இரவுகள் பிடித்தன. லினக்ஸில் ஒலி அட்டையோடு நேரடியாகப் பேசுவது, கெர்னல் எனப்படும் இயங்குதள உட்கருவுக்குள் இருக்கும் ஆல்சா என்னும் அடுக்கு. 1998இல் யாரோஸ்லாவ் கிசேலா தொடங்கியது, 2003 இறுதியில் வெளிவந்த 2.6 கெர்னலிலிருந்து லினக்ஸின் அதிகாரபூர்வ ஒலியமைப்பானது. அதன் மேல் பல்ஸ்ஆடியோ, அண்மைக்காலமாகப் பைப்வயர் ஆகிய கலப்பான்கள் உட்கார்கின்றன. பாட்டு, அறிவிப்பு மணி, அழைப்புக் குரல் எல்லாவற்றையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து கலந்தால்தான் ஒரே அட்டை வழியாக அனுப்ப முடியும். பைப்வயர் இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் வேகம் நொடிக்கு 48,000 மாதிரிகள். குறுந்தகடோ 44,100 மாதிரிகள் கொண்டது.

இந்த 44,100 என்னும் விசித்திர எண்ணுக்கு ஒரு பூர்வகதை உண்டு. எண்ம ஒலியைத் தொடக்கத்தில் வீடியோ நாடாவில் பதிந்ததால், ஒரு வரிக்கு 3 மாதிரி, ஒரு புலத்துக்கு 245 வரி, நொடிக்கு 60 புலம் என்று பெருக்கிக் கிடைத்தது அது. நம் நாட்டுத் தொலைக்காட்சியின் 50 புலக் கணக்கிலும் 294 வரியாகப் பெருக்கினால் அதே எண் வரும். இதை 48,000 ஆக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு 147 மாதிரியையும் 160 ஆக மாற்றி எழுத வேண்டும், அப்போது மூலத்தின் ஓர் எண்ணும் அப்படியே மிஞ்சுவது அரிது. நல்ல மாற்றியாக இருந்தால் காதுக்கு வேறுபாடு தெரியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் வேண்டாத இடத்தில் வேண்டாத கணக்கு எதற்கு?

சரிபார்க்கும் வழி காதை நம்பியதன்று. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கெர்னல் தானே எழுதிக்காட்டும் ஒரு சிறு கோப்பைத் திறந்தால், ஒலி அட்டை அந்த நொடியில் எந்த வேகத்தில், எத்தனை பிட்டில் இயங்குகிறது என்பது ஏழெட்டு வரிகளில் கிடைக்கும். பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி திறந்தால் மூடப்பட்டது என்னும் பொருளில் ஒரே சொல். முதல் இரவு வேக வரியில் 48,000 என்றிருந்தது. கலப்பானை நீக்கி, எம்.பி.டி. நேரே ஒலி அட்டையின் வன்பொருள் முகவரிக்கு எழுதுமாறு அமைத்து, மென்பொருள் வழியான ஒலியளவுக் கட்டுப்பாட்டையும் முடக்கிய பிறகு 44,100 என்று வந்தது. ஒலி அட்டை 32 பிட் என்று காட்டினாலும் அஞ்ச வேண்டியதில்லை, 16 பிட்டுக்குப் பின்னால் வெறும் சுழியங்கள் சேர்கின்றன, அவ்வளவே.

மார்கழி 9

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நின்றது. இன்வெர்ட்டர் பொறுப்பேற்றதும் ஒலிபெருக்கியில் ஒரு முனகல் குடிபுகுந்தது.

வீடுகளில் இருக்கும் மலிவான இன்வெர்ட்டர்கள், அலைபோல் வளைந்து எழ வேண்டிய மின்னோட்டத்தைச் செங்கல் அடுக்கியதுபோல் சதுரமாகத் தருபவை; இன்வெர்ட்டரில் ஓடும்போது கூரை விசிறியே முனகுவதை எல்லா வீட்டிலும் கேட்கலாம். 50 ஹெர்ட்ஸ் சதுர அலைக்குள் 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் ஒளிந்திருக்கின்றன. சிறிய ஒலிபெருக்கி 50 ஹெர்ட்ஸை விழுங்கிவிடும், 150ஐ நன்றாகப் பாடும். 2 கட்டை ஸ்ருதியில் மத்திய ஸ்தாயி ஷட்ஜமம் ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2 கட்டையில் பாடும் வித்வானின் தம்புராவுக்கு அருகே 3 ஹெர்ட்ஸ் தள்ளி இன்வெர்ட்டரும் உட்கார்ந்து ஸ்ருதி போட்டால், இரண்டும் உரசி நொடிக்கு 3 முறை அலையடிக்கும். பக்கவாத்தியமாக இன்வெர்ட்டரைக் கேட்கும் இந்தத் தண்டனைக்குச் சைன் வேவ் இன்வெர்ட்டரே பரிகாரம். அது வாங்கும்வரை பராமரிப்பு நாளில் பாட்டுக்கு விடுமுறை.

மார்கழி 10

அரசு மின்சாரம் இருக்கும்போதும் மெல்லிய ஒரு ஊங்காரம் மிச்சமிருந்தது. மடிக்கணினியின் உலோக விளிம்பில் விரல் பின்புறத்தை வைத்தால் விர்ரென்று உறைத்ததே துப்பு: அடாப்டரிலிருந்து கசியும் சொற்ப மின்னோட்டம் மண்ணுக்குப் போக வழியில்லாமல், ஒலிக் கம்பியின் உறை வழியாகப் பெருக்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்று முளை பிளக்கை இரண்டு துளைப் பலகையில் திணிப்பது இந்த வட்டாரத்தில் மட்டுமுள்ள பழக்கம் அன்று. சரியான மூன்று துளைப் பலகை போட்ட பிறகும் ஊங்காரம் குறைந்ததே தவிர ஒழியவில்லை.

கொல்லைப்புறத்தில் எர்த் குழி இருக்கிறது. கரியும் உப்பும் அடுக்கிக் குழாய் இறக்கிய குழி. மண் ஈரமாக இருந்தால்தான் மின்னோட்டம் இறங்கும், கரி அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கவும், உப்பு மண்ணின் மின்தடையைக் குறைக்கவும். ஐப்பசி மழை போய் மண் காய்ந்து, குழாயைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. உப்புப் போட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, குழாயின் தலையில் துருப்பிடித்த போல்ட்டைச் சுரண்டி இறுக்கிய பிறகு, பெருக்கியை முழு அளவுக்குத் திருகி ஒலிபெருக்கியில் காதை ஒட்டவைத்தாலன்றி எதுவும் கேட்கவில்லை. மொத்த வேலையிலும் மிகப் பெரிய பலன் தந்தது இந்த இரண்டு குடம் தண்ணீர்தான்.

மார்கழி 15

நிகழ்நேரக் கெர்னல் பற்றிய குறிப்பு. எந்த வேலையையும் குறித்த நேரத்துக்குள் தொடங்க உறுதிதரும் இந்த அமைப்பு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனி ஒட்டாக இருந்து 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 கெர்னலில் முழுமையாகச் சேர்ந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுபவர் தன் குரலை உடனுக்குடன் கேட்க அது உதவும். பதிவான பாட்டைத் திருப்பிப் பாடுவதில் அதற்கு வேலை ஏதும் இல்லை என்பதே இங்கே கண்ட முடிவு. தற்கால டி.ஏ.சி., அதாவது எண்களை ஒலியலையாக்கும் பெட்டி, தன்னுள் இருக்கும் கடிகாரத்தின் வேகத்துக்குத் தானே யு.எஸ்.பி. வழியாகத் தரவைக் கேட்டு வாங்கிச் சேர்த்துவைத்துக்கொள்கிறது. குடத்தில் தண்ணீர் இருக்கும்வரை, குழாயில் விட்டுவிட்டு வந்தால் என்ன, சீராக வந்தால் என்ன?

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் மோகத்துக்கும் இதே தீர்ப்பு. 16 பிட்டின் ஒலிவீச்சு ஏறத்தாழ 96 டெசிபல். அமைதியான இரவறை 30 டெசிபல் என்று கொண்டால், பாட்டின் மிக மெல்லிய ஒலி அதற்கு மேல் நிற்க, உச்ச ஒலி 126 டெசிபலுக்குப் போக வேண்டும்; 120இலேயே காது வலிக்கத் தொடங்கிவிடும். பதிவுக்கூடத்தில் 24 பிட்டுக்குப் பயனுண்டு, கேட்கும் வீட்டில் இல்லை.

மார்கழி 20

விடியற்காலை 4 மணி. கோயில் ஒலிபெருக்கி தொடங்க இன்னும் நேரமிருக்கிறது, ஷூ கம்பெனிப் பேருந்துகள் வரவில்லை, மலைக்காற்றின் குளிரில் கூரை விசிறிக்கு வேலையில்லை. இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான ஹவ் டு நேம் இட், குறுந்தகட்டிலிருந்து ஒரு பிட் பிசகாமல் நகலெடுத்தது, ஓடவிடப்பட்டது. வயலின்கள் நின்ற இடத்தில் ஒலிநாடாவின் மெல்லிய இரைச்சல் தனியாகக் கேட்டது. அது அறையின் இரைச்சல் அன்று, பதிவிலேயே இருப்பது. மூலத்தின் இரைச்சல் கேட்கத் தொடங்கிவிட்டால், இந்தப் பக்கத்து வேலை முடிந்தது என்று பொருள்.

பங்குனி 3

வெயில் ஏறிவிட்டது. கூரை விசிறி மூன்றாம் எண்ணில் ஓடுகிறது. அதன் ஓசைக்குக் கீழே தம்புராவின் வால் கேட்பதில்லை. எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றப்படுகிறது.