மலையேறிய புத்தகங்கள்

கோடைக்கானலிலிருந்து இறங்கி வரும் வண்டிகளைச் சற்றே உற்று நோக்குங்கள். யூகலிப்டஸ் தைலப் புட்டிகள், சாக்லேட் பொட்டலங்கள், மலைப்பூண்டு, பருவமாக இருந்தால் பிளம்ஸும் பேரிக்காயும். பிள்ளைகளின் தலையில் கம்பளிக் குல்லாய். புத்தகம் ஒன்றை மட்டும் காண்பது அரிது. மலைக்குப் போய் யாராவது புத்தகம் வாங்குவார்களா என்று நேயர்கள் நகைக்கலாம். இஸ்தான்புல் செல்பவர்கள் பெரிய பஜாரையும் பாயஸீத் பள்ளிவாசலையும் காண்பதோடு, இரண்டுக்கும் நடுவிலுள்ள பழைய புத்தகச் சந்தையிலும் நுழைந்துவிட்டுத்தான் வருகிறார்கள். பாக்தாத் நகரின் முதனப்பி வீதி, 2007 மார்ச்சில் குண்டுவெடிப்பில் சிதைந்து, அடுத்த ஆண்டே புத்தகங்களோடு மீண்டும் எழுந்தது. அயலூரின் புத்தகக் கடையில் அரைமணி நேரம் நின்றால், அவ்வூர் தன்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறது, யாருக்காக எழுதி வைத்திருக்கிறது என்பது புலனாகிவிடும். அந்த வகையில் பார்த்தால் கோடைக்கானல் சாதாரண ஊர் அன்று.

1821ஆம் ஆண்டு வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி இம்மலையை அளந்து குறிப்பெழுதினார். மதுரையில் பணிபுரிந்த அமெரிக்கப் பாதிரிமார்கள், வெயிலுக்கும் நோய்க்கும் ஆற்றாமல், 1845இல் மேலேறி வந்து இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். ஊரின் தொடக்கம் அதுதான். மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஏரியை உருவாக்கியது 1863இல். மோட்டார் சாலை வருவதற்கு முன் பெரியகுளத்துப் பக்கமிருந்து குறுகலான மலைப்பாதையில்தான் ஏற வேண்டும். துரைமார்களும் துரைசானிகளும் மட்டக் குதிரையிலோ டோலியிலோ வந்தனர். மூட்டை முடிச்சுகள் கூலியாட்களின் தலையில் வந்தன. அந்த மூட்டைகளில் புத்தகப் பெட்டிகளும் இருந்திருக்கும். புத்தகமின்றிக் கோடைகாலத்தைக் கழிக்கும் மனிதர்கள் அல்லர் அவர்கள்.

அதே காலத்தில் நம்மவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டால், பெருமையோடு சொல்ல ஒரு விடை உண்டு. செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர், ஏடுகளைத் தேடித் திரட்டி, உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை அச்சில் ஏற்றியது 1842இல். இன்றும் அண்ணா சாலையில் நிற்கும் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை சென்னையில் பிறந்தது 1844இல். கோடைக்கானலில் முதல் வீடு எழுந்தது அதற்கும் அடுத்த ஆண்டு. அச்சுப் புத்தகம் நமக்குப் பிறர் கொண்டு வந்து காட்டிய விந்தைப் பொருளாக இருந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கோடைக்கானலில் புத்தகக் கடை என்றதும் பழைய ஆட்கள் சொல்லும் பெயர் சி.எல்.எஸ். 1858இல் தொடங்கப்பட்டுப் பின்னாளில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் என்று பெயர் பெற்ற அந்நிறுவனம், இம்மலையிலும் ஒரு கடை நடத்தியது. அதன் தொடக்க காலத் தூண்களில் ஒருவர் ஜான் மர்டாக் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அவர் வந்தது தம் சமயத்தைப் பரப்புவதற்கு. அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆயினும் அதுகாறும் தமிழில் அச்சான நூல்களையெல்லாம் தேடி வகைப்படுத்தி, 1865இல் ஓர் அட்டவணை நூலாக அவர் வெளியிட்டார். தமிழ் நூல் வரலாற்றை ஆராய்பவர்கள் இன்றும் அதைப் புரட்டாமல் நகர்வதில்லை. நம் வீட்டுப் புத்தகங்களை எண்ணிப் பார்க்க அயலார் ஒருவர் வர வேண்டியிருந்ததே என்று எனக்குச் சற்று உறுத்தல்தான். உறுத்தட்டும்.

2018 ஆகஸ்டு மாதம் குடும்பத்தோடு நான் போனபோது நுழைந்த கடை வேறு. கடைவீதிப் பக்கம், இரண்டு ஆள் நின்றால் மூன்றாமவர் வெளியே காத்திருக்க வேண்டிய அளவே இடம். உள்ளே நுழைந்ததும் ஈரக் காகிதத்தின் வாசனை. மேகம் கடைக்குள்ளேயே வந்து போகிற ஊரில் புத்தகம் விற்பது எளிதன்று. பூஞ்சை பிடிக்காமலிருக்க அடிக்கடி எடுத்துத் துடைத்து அடுக்குவதே பாதி வேலை என்றார் கடைக்காரர்.

அது குறிஞ்சி பூத்த ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 1982, 1994, 2006 என்று வந்து, 2018இல் மீண்டும் மலர்ந்திருந்தது. முதல் நாள் சரிவுகளில் அதைக் கண்டது முதல் என் பத்து வயது மகள் கேள்வி மேல் கேள்வியாகத் துளைத்துக்கொண்டிருந்தாள். பூத்தபின் செடி என்ன ஆகும்? பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டதென்று அதற்கு யார் சொல்வார்கள்? பூத்துக் காய்த்தபின் செடி பட்டுப்போகும், விதையிலிருந்து புதுச்செடி வரும் என்பது வரை எனக்குத் தெரியும். அதற்கு மேல் புத்தகத்தில் பார்க்கலாம் என்று அழைத்து வந்தேன். மலைப் பூக்களைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் ஆங்கிலத்தில் நான்கைந்து நூல்கள் இருந்தன. அவள் எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்துவிட்டு, "தமிழ்ல ஒன்னுகூட இல்லையா அத்தா?" என்றாள்.

"கேட்டு வர்றவங்க இல்ல பாய். அதனால வாங்கி வைக்கிறதில்ல" என்றார் கடைக்காரர். சற்றுப் பொறுத்து, "வாங்கி வைக்காததால கேக்காம இருக்காங்களோ என்னவோ" என்று அவரே சேர்த்துச் சொன்னார்.

ஆங்கிலத்தில் இம்மலையைப் பற்றி எழுதியவர்களைக் குறை கூறுவதற்கில்லை. உழைப்பு என்றால் அது உழைப்பு. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன், நீலகிரி, பழனிமலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றி 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அவற்றுக்குப் படம் வரைந்தவர்களில் அவர் மனைவியும் ஒருவர். செண்பகனூரில் வாழ்ந்த ஆங்கிலாட் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், காட்டுச் செடிகளைத் தேடிச் சென்று ஒவ்வொன்றையும் வண்ண ஓவியமாகத் தீட்டி வைத்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் தாவரக் காப்பகத்தை நடத்திய கே.எம். மாத்யூ, பழனிமலைத் தாவரங்கள் அனைத்துக்குமான பெருநூலை 1999இல் முடித்தார். ஊருக்குச் சற்று மேலே வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1899இல் நிறுவப்பட்டது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தது இங்கேதான். மேகம் விலகிய நாட்களிலெல்லாம் சூரியனைப் படம்பிடித்து நூறாண்டுகளுக்கு மேலாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரே பொருளைப் பற்றி அத்தனை பக்கங்கள் கொண்ட புத்தகம் எந்தக் கடையிலும் கிடைக்காது!

என் மனத்தாங்கல் நம்மீதுதான். குறிஞ்சி என்பது ஒரு நிலத்துக்கே பெயராக அமைந்த பூ. கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாகச் சொன்ன குறிஞ்சிப்பாட்டு, உ.வே. சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்பில் 1889லேயே அச்சாகிவிட்டது. பழனிமலைச் சாரல், மயிலுக்குப் போர்வை தந்த பேகன் ஆண்ட நாடு. அப்படியிருக்க, குறிஞ்சி பூத்திருக்கும் அதே மலையில் நின்றுகொண்டு ஒரு தமிழ்ச் சிறுமி அதைப் பற்றித் தமிழில் படிக்கக் கேட்டால், அலமாரி வெறுமையாக நிற்கிறது.

எழுதுவதற்கு ஆளில்லையா என்றால், மலையின் காலடியிலேயே இருந்திருக்கிறார்கள். மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் மலையேறும் பேருந்துகள் வத்தலக்குண்டில் நிற்கின்றனவே, நாம் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு ஏறிக்கொள்கிறோமே, அந்த ஊர்க்காரர்தான் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயர். தமிழின் முதல் சில நாவல்களுள் ஒன்று அது. இருபத்தாறு வயதிலேயே, 1898இல், அவர் மறைந்தார். மணிக்கொடி இதழை நடத்திய பி.எஸ். ராமையாவின் பெயருக்கு முன் நிற்கும் 'பி' என்ற எழுத்தும் இவ்வூரையே குறிக்கும். சி.சு. செல்லப்பாவும் வத்தலக்குண்டோடு சேர்த்தே அறியப்பட்டவர். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிக் கைப்பொருளை இழந்த அவர், தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். கடை வைக்க வசதியில்லாதபோது அவரே நடமாடும் கடையானார். மலையின் வடபுறத்துத் தாராபுரத்தில் பிறந்தவர் சு. தியடோர் பாஸ்கரன், காட்டையும் உயிரினங்களையும் பற்றி எளிய தமிழில் எழுதிவருபவர். அவர் காட்டும் வழியில்தான் மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளையும் பலர் கண்டடைந்தார்கள்.

தமிழில் நூல்கள் உண்டு, அவை மலையேறவில்லை. நூறாண்டுக்கு முன் ஆங்கிலப் புத்தகங்கள் கூலியாட்களின் தலையில் ஏறின. நல்ல தார்ச்சாலையும், நாளுக்குப் பத்துப் பேருந்துக்கு மேலும் இருக்கும் இக்காலத்தில் தமிழ்ப் புத்தகங்கள் வத்தலக்குண்டைத் தாண்டவில்லை.

கடையை விட்டு வெளியே வந்தபின்னும் மகள் விடவில்லை. வழியில் பூண்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் ஓரத்தில் முளைத்திருந்த செடிகளின் பெயர்களைக் கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். எட்டுச் செடிக்கு அவர் பெயர் சொன்னார். அதில் ஐந்து பெயர்கள் நானே முதன்முறையாகக் கேட்டவை. ஒன்றின் பெயரைச் சொல்லும்போது, "இதைக் கஷாயம் வச்சா சளி போகும் தாயி" என்று பக்குவமும் சொல்லிக் கொடுத்தார். நோட்டில் அதுவும் ஏறியது.

ஊர் திரும்பும் வழியில் மதுரையில் பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' கிடைத்தது. ஒன்று வீட்டுக்கு. பிறகு பதிப்பகத்தில் கேட்டு வாங்கி, இயற்கையைப் பற்றிய தமிழ் நூல்களாக ஆறு பிரதிகளை அந்தச் சிறு கடைக்குப் பார்சலில் அனுப்பி வைத்தேன். விற்றால் பணம் அனுப்புங்கள், விற்காவிட்டால் பூஞ்சை பிடிக்குமுன் திருப்பி அனுப்புங்கள் என்று ஒரு கடிதமும் வைத்தேன். என் மனைவி, "வியாபாரம் தொடங்கிவிட்டீர்களா?" என்று கேலி செய்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார். நான்கு விற்றிருந்தன. இரண்டைப் பெரியகுளத்திலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்த ஓர் ஆசிரியர் எடுத்துக்கொண்டாராம். தம் கழிவு போக மீதிப் பணத்தை எப்படி அனுப்புவது என்று கேட்டார். பணம் வேண்டாம், அதற்கும் புத்தகமாகவே அனுப்புகிறேன் என்றேன்.

"அப்ப சின்னப் பிள்ளைங்க படிக்கிற மாதிரி ரெண்டு சேத்துப் போடுங்க பாய்" என்றார்.