ஏட்டில் போனதும் உடம்பில் போனதும்

மாலை ஆறரைப் பூசைக்கு முன்பே கண்டி தலதா மாளிகையின் கீழ்த்தளத்தில் போய் நின்றுகொண்டேன். இடையில் வெள்ளைத் துணியும் சிவப்புக் கச்சையுமாக மேளகாரர்கள் வந்தார்கள். தவுலவும் தம்மெட்டமவும் முழங்க, ஹொரணை அவற்றின் மேலேறியது. தவிலும் நாகசுரமும் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமே இல்லை. தாமரைத் தட்டோடு சனம் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்க, நான் வாசிப்பவர்களின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் முன்னால் தாளுமில்லை, ஏடுமில்லை. பூசை முடிந்ததும் ஒரு முதியவரிடம், "எப்படிப் படிச்சீங்க ஐயா?" என்று கேட்டேன். பதில் சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, தன் தொடையில் தாளத்தைத் தட்டிக் காட்டினார். "அப்பா இப்படித்தான் காட்டினார்" என்றார்.

சுவாங் சு என்ற பழைய சீன நூலில் வரும் சக்கரத் தச்சன் அப்போது என் நினைவுக்கு வந்தான். மண்டபத்தில் கோமகன் ஹுவான் நூல் படித்துக்கொண்டிருக்கிறான். தச்சன் உளியைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் படிப்பது செத்தவர்கள் விட்டுப்போன சக்கை என்று துணிந்து சொல்கிறான். எவ்வளவு அழுத்திச் செதுக்குவது என்பது அவன் கைக்குத் தெரியும். வாயால் சொல்ல வராது. மகனுக்குக்கூட அதைக் கொடுக்க முடியாமல் எழுபது வயதிலும் தானே செதுக்குகிறான். கன்பூசியர் வழியினர் வேறு திசையிலிருந்து இதே இடத்துக்கு வந்தார்கள். வணங்குவதும் நிற்பதும் விருந்தில் அமர்வதும் சரியாகப் பழகினால் மனமும் பழகும் என்பது அவர்கள் கொள்கை. உடம்பை மனத்தின் வேலைக்காரனாக மட்டும் எண்ணாத இந்தச் சிந்தனை மரபு எனக்கு மிகவும் பிடித்தது. அதன் நூலிழை ஒன்று இலங்கைக்கு வந்து திரும்பியிருக்கிறது. கண்டிக்கு நான் வந்தது அதற்காகத்தான்.

பாகியான் 399இல் சாங்கானிலிருந்து புறப்பட்டார். சீனத்தில் விநய நூல்கள் அரைகுறையாக இருந்ததுதான் அவர் கவலை. விநயம் என்றால் துறவியின் ஒழுக்க விதி. அதில் பெரும்பகுதி உடம்பைப் பற்றியது. பாளி மரபின் 75 சேகிய விதிகளைப் பாருங்கள்: வீதியில் பார்வை தாழ்ந்திருக்க வேண்டும், கையை வீசி நடக்கக் கூடாது, கன்னம் புடைக்க உண்ணக் கூடாது. அநுராதபுரத்து அபயகிரியில் பாகியான் தேடியதில் ஒரு பகுதி கிடைத்தது. அங்கே ஒரு வணிகர் காணிக்கை வைத்த சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டு அழுதார் என்று அவரே எழுதியிருக்கிறார். புத்தரின் பல் வீதிவலம் வந்ததையும், அதை முன்னதாக அறிவிக்க யானை மேல் ஆள் அனுப்பியதையும் எழுதினார். அந்தத் திருப்பல்லைத்தான் இன்று இந்த மாளிகை மாடியில் வைத்துப் போற்றுகிறார்கள். இரண்டு ஆண்டுகள் தங்கி, மகிசாசகம் என்ற பௌத்தப் பிரிவின் விநயப் பிரதியோடு கப்பலேறினார். அவர் இறந்த பிறகு, 423இல்தான் அதன் மொழிபெயர்ப்பு தொடங்கியது.

மறுநாள் காலை வாவிக்கரையோரமாக மல்வத்தை விகாரைக்கு நடந்தேன். எதிரே இளம் சாமணேரர்கள் வரிசையாக வந்தார்கள். கடைசியில் வந்த சிறுவனுக்குத் தண்ணீரில் மிதந்த நீர்க்காகத்தின் மேல் கண் போனது. உடனே தானாகவே பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். யாரும் அதட்டவில்லை. பதினோராம் நூற்றாண்டுக் கன்பூசிய அறிஞர் செங் ஹாவ் ஒரு பௌத்த மடத்தில் துறவிகள் உணவுக்கு வந்தமரும் ஒழுங்கைக் கண்டு, பழைய மூன்று அரச மரபுகளின் சடங்கொழுக்கம் முழுவதும் இங்கே இருக்கிறதே என்று வியந்தாராம். பௌத்தத்தைக் கடுமையாக மறுத்தவர் அவர். கொள்கையில் ஒப்பாதவரைக்கூட உடம்பின் ஒழுங்கு வென்றுவிட்டது.

மல்வத்தையின் உபசம்பதை மண்டபத்துக்கு எதிரில் நெடுநேரம் நின்றேன். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த நாட்டில் விநய நூல்களுக்குக் குறைவில்லை. முழுத் துறவு பெற்ற பிக்குகள்தான் இல்லை. உபசம்பதை என்ற அந்த முழுத் துறவை ஏட்டிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. அதைப் பெற்றவர்கள் கூடியிருந்து கொடுக்க வேண்டும். மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலத்தவரான மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், வெலிவிட்ட சரணங்கரர் என்ற துறவியின் தூண்டுதலால் சயாமுக்குத் தூது அனுப்பினார். உபாலி தேரர் தலைமையில் பிக்குகள் கடல் கடந்து வந்து 1753இல் உபசம்பதை கொடுத்தார்கள். சியாம் நிக்காயம் என்ற பிக்கு மரபு அப்படிப் பிறந்தது.

பெண்களின் கதையில் கப்பல் எதிர்த்திசையில் போனது. பாகியான் போய் இருபது ஆண்டுகூட ஆகவில்லை. 429இல் நந்தி என்ற கப்பல் தலைவரோடு சிங்களத் தீவின் பிக்குணிகள் நான்ஜிங்கில் இறங்கினார்கள். சீனப் பிக்குணிகள் அதுவரை ஆண்களிடமிருந்து மட்டுமே துறவு பெற்றிருந்தார்கள். பெண்கள் அவையில் கொடுக்கப் பத்துப் பேர் வேண்டும்; வந்தவர்கள் தொகை போதவில்லை. வந்தவர்கள் சீனம் கற்றுக்கொண்டு காத்திருந்தார்கள். 433இல் மேலும் பிக்குணிகள் வந்து சேர்ந்த பிறகே சடங்கு நடந்தது. முந்நூறுக்கு மேற்பட்ட சீனப் பெண்கள் அவர்களிடம் துறவு பெற்றதாகச் சீனப் பிக்குணிகளின் வரலாற்று நூல் சொல்கிறது. பாகியானின் பயணத்தைப் பாடநூல்களில் படிக்கிறோம். இந்தப் பெண்களின் பயணத்தை ஏன் படிப்பதில்லை?

இலங்கையில் பிக்குணி மரபு பதினோராம் நூற்றாண்டு வாக்கில், சோழர் ஆட்சிக்காலத்தை ஒட்டி அற்றுப்போனது. சீன மரபில் அது தொடர்ந்தது. 1998இல் புத்தகயையில் சீன மரபுப் பிக்குணிகளும் கலந்துகொண்ட சடங்கில் இலங்கைப் பெண்கள் உபசம்பதை பெற்றார்கள். பிறகு, கண்டிக்கு வடக்கே தம்புள்ளையில் உபசம்பதை நடந்தது. சியாம் நிக்காயத்தின் கண்டிப் பீடங்களான மல்வத்தையும் அஸ்கிரியவும் அதை ஏற்கவில்லை. சீனப் பிக்குணிகள் பின்பற்றுவது தேரவாத விநயமல்ல, தருமகுப்தர்களின் விநயம் என்பது முக்கியமான மறுப்பு.

ஏடு வேறு என்பது உண்மைதான். ஆனால் நான்ஜிங்கில் அந்த முந்நூறு பேர் முன்னால் அமர்ந்து துறவு கொடுத்தவர்கள் இந்தத் தீவின் பெண்கள். ஏடு கையிலிருந்தும் ஆள் வேண்டும் என்று சயாமுக்குத் தூது அனுப்பியவர்கள் கண்டிக்காரர்கள். 1753க்கு அவர்கள் காட்டிய அதே நியாயத்தை 433க்கும் காட்ட வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.