சின்னம்மாவுக்கு விழுந்த எலுமிச்சம்பழம்

போன ஞாயிறு சாகணில் ஃபேக்டரிக்கு லீவு. புனே கல்லூரியில் ஓவியம் படிக்கும் மகள் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள். "அப்பா, இதைப் பாருங்க."

மரினா அப்ரமோவிச் என்று ஒரு கலைஞர். 1974-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஆறு மணி நேரம் அசையாமல் நின்றிருக்கிறார். பக்கத்து மேஜையில் 72 பொருட்கள். ரோஜா, தேன், கத்தரிக்கோல், ஏன், துப்பாக்கிகூட உண்டு. வந்தவர்கள் எதை எடுத்தும் அவரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆரம்பத்தில் பூ கொடுத்தவர்கள், போகப் போக உடையை வெட்டினார்கள். ஒருவர் துப்பாக்கியையே...

"பார்க்க வந்தவங்களும் சேர்ந்தாத்தான்பா இந்தக் கலை முழுசாகும்."

"இதெல்லாம் எங்க ஊர்ல எப்பவோ உண்டு" என்று அளக்க ஆரம்பித்தேன்.

எங்களுக்குச் செஞ்சிப் பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. அதில் ஒருநாள் அர்ச்சுனன் தபசு. உயரமான பனைமரத்தை நட்டு, படி வைத்து, உச்சியில் பரண் கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். கதைப்படி அவர் தவம் செய்வது சிவனிடம் பாசுபதம் வாங்க, அதாவது சண்டைக்கு ஆயுதம். ஆனால் கீழே ஈரப் புடவையோடு காத்திருக்கும் பெண்கள் கேட்பது பிள்ளை வரம். மேலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழம் முந்தானையில் விழுந்தால் வரம் கிடைத்த மாதிரி. கதைக்கு ஒரு அர்த்தம், கீழே நிற்பவர்களுக்கு வேறு அர்த்தம்.

சொல்லிக்கொண்டே வந்தவன் அங்கே நிறுத்திவிட்டேன்.

எனக்கு அப்போது பத்து வயது. சின்னம்மா மூன்றாவது வருஷமாக அங்கே நின்றார். ஒரு பழம் அவர் முந்தானை ஓரத்தில் பட்டு உருண்டது. நான் பாய்ந்து எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். கூட்டாளிகளோடு உப்பு வைத்துத் தின்றோம். சின்னம்மா பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. அவருக்குக் குழந்தை பிறக்கவேயில்லை.

பழம் கிடைத்திருந்தால் பிறந்திருக்குமா என்று கேட்காதீர்கள். அதல்ல விஷயம். நான் அங்கே வேடிக்கை பார்க்க வந்த பையன் இல்லை, ஆட்டத்தில் ஒருவன். ஆறு மணி நேரம் முடிந்து அப்ரமோவிச் எழுந்து நடந்ததும், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கூட்டம் கலைந்ததாம். எனக்கு அது புரிந்தது.

ராத்திரி சின்னம்மாவுக்கு போன் போட்டேன், நாற்பது வருஷம் கழித்து.

"அந்தப் பழமா? பல்லு கூசுமே புள்ளைக்குன்னு நெனச்சேன்டா" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அடுத்த வருஷம் பாரதம் வைக்கிறாங்க. பேத்திய இட்டுகினு வா."

டிக்கெட் போட வேண்டும்.