எங்கள் ஊர் நூலகர் அக்காவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நீங்கள் வேலை பார்த்த காலத்தில், 13 வயது முதல் பள்ளிப் படிப்பு முடியும்வரை என் கையில் நாவல்களை எடுத்துக் கொடுத்தவர் நீங்கள். உங்களுக்குத் தனியாக எழுத வேண்டிய நன்றியை ஊரறிய எழுதுகிறேன். வளரும் வயதுப் பிள்ளைக்கு ஏற்ற ஒரு கதையைத் தேடிக் கொடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை நம் ஊரில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்த வேலையை நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று பதிவுசெய்துவிட வேண்டும் என்பதே என் எண்ணம்.

அன்று எங்களுக்கு இருந்த நிலையை இன்றைய பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அம்புலிமாமாவும் கோகுலமும் பூந்தளிரும் 12 வயது வரைக்கும் போதுமானவையாக இருந்தன. அதன்பிறகு வேதாளம் முருங்கை மரம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் மனம் பதறவில்லை. நூலகத்தில் ஒரு பக்கம் குழந்தைகள் அலமாரி, அதற்கு எதிரே பெரியவர்களுக்கான தடித்த நாவல்கள். நடுவில் எங்களுக்கென்று ஒரு தட்டு கிடையாது. என் வகுப்பில் ஆசையாகக் கதை படித்துக்கொண்டிருந்த பலர் அந்த வயதில்தான் படிப்பதை நிறுத்தினார்கள். பாடப் புத்தகம் மட்டும் மிஞ்சியது. நான் நிறுத்தாமல் இருந்ததற்குக் காரணம் நீங்கள்.

மற்றவர்கள் "உனக்கு என்ன மாதிரி கதை பிடிக்கும்?" என்று கேட்பார்கள். அந்த வயதில் அதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? நீங்கள் வேறு மாதிரி கேட்டீர்கள்: "கடைசியா படிச்சதுல எந்த இடத்துல கீழ வைக்க முடியல?" நான் சொன்ன இடத்தை வைத்து, எனக்கு வேண்டியது என்ன என்று நீங்கள் கண்டுகொண்டீர்கள். ஓட்டம் வேண்டுமா, மர்மம் வேண்டுமா, அழ வேண்டுமா, யாரிடமும் கேட்க முடியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று அந்த ஒரு பதிலிலிருந்தே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இளையோர் அலமாரி இல்லாத நூலகத்தில் நீங்களே ஒன்றை உருவாக்கினீர்கள். பெரியவர்களின் தட்டுகளிலிருந்து எங்கள் வயதுக்கான கதைகளைப் பிரித்தெடுத்தீர்கள். 'பொன்னியின் செல்வன்' அதில் முதலாவது. கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய அந்தத் தொடர், ஐந்து பாகங்களாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்ததைப் பார்த்தே நான் பின்வாங்கினேன். நீங்கள் முதல் பாகத்தை மட்டும் எடுத்து நீட்டினீர்கள். "யாருக்கு யாரு சித்தப்பான்னு குழம்பினா விட்டுடு. குதிரையில போறவன் கூடவே போ" என்றீர்கள். நானும் வந்தியத்தேவன் கூடவே போனேன். கையில் பணமில்லாத, வாய்த்துடுக்கால் வம்பில் மாட்டுகிற, யாரை நம்புவது என்று தெரியாமல் பெரியவர்களின் சூழ்ச்சிக்கு நடுவே வந்து விழுகிற ஒரு இளைஞன். சோழர் வரலாறு எனக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. முதலில் கிடைத்தவன் ஒரு தோழன்.

அடுத்து சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஆட்சியாளர் ஒருவரின் கட்டுப்பாட்டில் இருக்கும் எதிர்கால இந்தியா, அதில் நிலா என்ற சாதாரணப் பெண், ஜீனோ என்ற இயந்திர நாய். சொன்னதைக் கேட்டு வாழப் பழகிய ஒருத்தி கேள்வி கேட்கக் கற்றுக்கொள்கிற கதை அது. வீட்டிலும் பள்ளியிலும் "எதிர்த்துப் பேசாதே" என்பதையே கேட்டு வளர்ந்த எனக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது!

பிறகு 'முதல் ஆசிரியர்'. மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக ஊர் ஊராக வந்து சேர்ந்த சோவியத் நூல்களில் ஒன்று. சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதியது. கிர்கீசியக் கிராமம் ஒன்றில், தானே அரைகுறையாக எழுதப் படிக்கத் தெரிந்த தூய்ஷேன் என்ற இளைஞன் ஒரு பழைய குதிரைக் கொட்டிலைப் பள்ளிக்கூடமாக்குகிறான். அங்கே படிக்க வருகிறாள் அல்தினாய் என்ற அநாதைச் சிறுமி. அவளைச் சித்தி ஒருவனுக்கு இரண்டாம் தாரமாக விற்றுவிடும்போது மீட்டுவந்து, மேலே படிக்க அனுப்பிவைக்கிறவனும் தூய்ஷேன்தான். அந்த மலைநாட்டின் பனியையும் ஓடையையும் நான் பார்த்ததே இல்லை. ஆனால் பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டுக் கல்யாணமாகிப் போன பெண்களை என் தெருவிலேயே தெரியும். எங்கோ இருக்கும் ஊரின் கதை என் தெருவைப் பற்றிப் பேசும் என்று நான் அறிந்துகொண்ட முதல் புத்தகம் அதுதான்.

இரா. நடராசனின் 'ஆயிஷா'வை நீங்கள் கொடுத்த விதம் தனி. அறிவியல் நூலுக்கு ஓர் ஆசிரியை எழுதிய முன்னுரையாக அமைந்த சின்னஞ்சிறு கதை. ஒரே மூச்சில் படித்துவிடலாம். கேள்வி கேட்டதற்காக அடிவாங்கும் சிறுமி, அடி வலிக்காமல் இருக்க வழி தேடித் தன் உயிரையே இழக்கிறாள். "இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாத. இங்கயே உக்காந்து படி" என்றீர்கள். படித்து முடித்துத் தலையைத் தூக்கியபோது நீங்கள் எதிரே இருந்தீர்கள். எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தீர்கள். துயரமான கதையை ஒரு பிள்ளையிடம் கொடுப்பவர், அது முடியும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை அன்றைக்கு உங்களிடம் கற்றேன்.

அக்கா, இளையோர் கதைகளை இந்த வயதிலும் நான் தேடித் தேடிப் படிக்கிறேன். அவற்றின் இன்பம் எனக்குக் குறையவே இல்லை. அந்தக் கதைகளில் எல்லாம் முதல்முறையாக நடக்கின்றன: முதல் நட்பு, முதல் துரோகம், முதல் சாவு, பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்று தெரிகிற முதல் நாள். கதையின் நாயகிக்குச் சொந்தமாகக் காசு கிடையாது, வீட்டைவிட்டுப் போக வழி கிடையாது, அவள் சொல்லுக்கு மதிப்பும் கிடையாது. ஆனாலும் ஒரு முடிவை அவள்தான் எடுத்தாக வேண்டும். இத்தனை நெருக்கடியில் நிற்கும் ஒருத்தியை விட்டுவிட்டு எப்படி எழுந்து போவது? எழுதுகிறவரும் அங்கே சுற்றி வளைக்க முடியாது. இளம் வாசகர்கள் பொய்யை உடனே கண்டுபிடித்துப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அதனால் நல்ல இளையோர் நாவலில் ஒரு நேர்மையும் வேகமும் வந்துவிடுகின்றன. இன்னொன்றும் உண்டு. 14 வயதில் 'முதல் ஆசிரியர்' படித்தபோது நான் அல்தினாயாக இருந்தேன். இப்போது படிக்கும்போது தூய்ஷேன் என் கண்ணில் நிறைகிறான். தான் ஏற்றிவிட்ட பெண் பெரிய அறிஞராகிவிட, அவன் முதுமையில் தபால் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பகுதி வரும்போதெல்லாம் உங்கள் நினைவு வருகிறது.

பரிந்துரைப்பதும் ஒரு கலை என்பதை உங்களிடம்தான் பார்த்தேன். பெரும்பாலும் ஒரு புத்தகத்தை மட்டும் கொடுக்க மாட்டீர்கள்; இரண்டைக் கொடுத்து நாங்களே தேர்ந்தெடுக்க விடுவீர்கள். கதைச் சுருக்கம் சொல்ல மாட்டீர்கள். முதல் சிக்கலை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வீர்கள். பிடிக்காமல் பாதியில் திருப்பித் தந்தால் முகம் சுளிக்காமல் "எந்தப் பக்கத்துல அலுத்துச்சு?" என்று கேட்பீர்கள். அடுத்த புத்தகத்துக்கான குறிப்பு உங்களுக்கு அதிலேயே கிடைத்துவிடும். "இந்தக் கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று மட்டும் நீங்கள் எங்களில் யாரையும் கேட்டதில்லை. முத்து காமிக்ஸ் படிக்க வருகிற பையன்களையும் நீங்கள் விரட்டியதில்லை. இரும்புக்கை மாயாவியை ஆவலோடு படிக்கிறவன் நாளை ஒரு நாவலையும் படிப்பான் என்று நம்பினீர்கள்.

இதற்கெல்லாம் நம் மண்ணிலேயே ஒரு மரபு இருக்கிறது. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும், புத்தகம் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும் என்று அவற்றில் இரண்டு வற்புறுத்துகின்றன. அவர் முயற்சியில் பிறந்ததுதான் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் முதலாவதான அந்தச் சட்டத்தால்தான் எங்கள் ஊர் போன்ற சிற்றூர்களுக்கும் நூலகம் வந்தது. சட்டம் கட்டடத்தையும் அலமாரியையும் தந்தது. அந்த இரண்டு விதிகளும் உயிர்பெற உங்களைப் போன்ற ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து அலமாரி வரை நடந்து வர வேண்டியிருந்தது.

நூலகர் ஒருவரும் பிள்ளைகளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு கதையை இங்கே சொல்ல ஆசை. அமெரிக்காவின் துல்சா நகரத்தில் எஸ்.இ. ஹின்டன் என்ற மாணவி, தன் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளும் வசதியான பிள்ளைகளும் இரு கூட்டமாகப் பிரிந்து மோதிக்கொள்வதைப் பார்த்து, 15 வயதில் ஒரு நாவல் எழுதத் தொடங்கினாள். 'தி அவுட்சைடர்ஸ்' என்ற அந்த நூல் 1967இல் வெளியானபோது அவளுக்கு 18 வயது. பெண் எழுதியது என்று தெரிந்தால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று முன்னெழுத்துகளோடு மட்டும் பெயரை அச்சிட்டார்கள். 1980இல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ பகுதியிலுள்ள லோன் ஸ்டார் பள்ளியின் நூலகர் ஜோ எலன் மிசாக்கியன், அந்த நாவலைப் படமாக்கும்படி கேட்டு, மாணவர்களின் கையெழுத்தோடு இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவுக்குக் கடிதம் எழுதி, கூடவே ஒரு பிரதியையும் அனுப்பினார். கொப்போலா படித்தார். 1983இல் படம் வந்தது. யோசனை சொன்ன நூலகருக்கும் அந்த மாணவர்களுக்குமே படத்தைக் காணிக்கையாக்கினார். ஒரு பள்ளி நூலகத்தின் பரிந்துரை அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

தமிழில் இன்று நிலைமை மாறியிருக்கிறது, அக்கா. 'இளையோர் நாவல்' என்று அட்டையிலேயே அச்சிட்ட புத்தகங்கள் வருகின்றன. பேசத் தயங்கும் விஷயங்களையும் அவை பேசுகின்றன. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டலை, ஒரு மரப்பாச்சி பொம்மையின் துணையோடு, பிள்ளை பயந்துவிடாமலும் உண்மையை மறைக்காமலும் சொல்லும் கதை அது. 2023இல் அதே விருதைப் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', கீழடி மண்ணை ஒரு சிறுவனின் கண்ணால் காட்டுகிறது. 'ஆதன்' என்ற பெயர் கீழடிப் பானை ஓடுகளில் பொறிக்கப்பட்டிருப்பதை அறிந்த பிள்ளை, அந்தக் கதையை எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்துப் பாருங்கள். 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்கும் அவ்விருது கிடைத்தது. அன்று இல்லாத அலமாரியை நீங்களே உருவாக்கினீர்கள். இன்றைக்கு அதை நிரப்ப எழுத்தாளர்கள் இருக்கிறார்கள்.

நான் ஆசிரியையும் இல்லை, நூலகரும் இல்லை. அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள். ஆனால் உறவிலும் தெருவிலும் 13 வயது நிரம்பிய பிள்ளை யாராவது இருந்தால், உங்கள் கேள்வியைத்தான் கேட்கிறேன். என் நாத்தனார் மகனுக்குப் படிக்கவே பிடிக்காது என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவரை அவன் விவரித்ததைக் கேட்டேன். தப்பிப்பதும் துரத்துவதும் அவனுக்கு வேண்டும் என்று தோன்றியது. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தைக் கொடுத்தேன், நீங்கள் சொன்ன அதே வார்த்தைகளோடு. அடுத்த வாரம் இரண்டாம் பாகம் கேட்டு அவனே தொலைபேசியில் அழைத்தான். நாம் நேசித்த கதை இன்னொருவருக்குப் பிடித்துப்போனதென்று தெரியும் நொடியில் கிடைக்கும் மகிழ்ச்சி, அதை முதலில் படித்தபோது கிடைத்ததைவிடப் பெரிது. அந்த மகிழ்ச்சியை எத்தனை பிள்ளைகள் வழியாக நீங்கள் அனுபவித்திருப்பீர்கள்! அது உங்களுக்கு நிறையக் கிடைத்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் நூலகத்தில் இளையோருக்கென்று தனித் தட்டு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பிறந்தநாளுக்குத் துணியோடு ஒரு நாவலும் வாங்கிக் கொடுங்கள். கொடுக்கும் முன் அதை நீங்களும் படியுங்கள். படித்து முடித்த பிள்ளையிடம் நீதி கேட்காதீர்கள்; எந்த இடத்தில் கீழே வைக்க முடியவில்லை என்று மட்டும் கேளுங்கள். பிறகு அந்தப் பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள்.

அக்கா, என் வாசிப்பு நீங்கள் தந்தது.

என்றும் அன்புடன்,
உங்கள் வாசகி