ஆயில் மூடிக்கு அடியில் தயிர்

போன மார்கழி. செமஸ்டர் லீவுக்கு வெள்ளிமலை போயிருந்தேன். விடிகாலையில அப்பா எழுப்பினார்.

"டேய், மெக்கானிக்கல்தானே படிக்கிற? இத வந்து பாரு."

எங்க மினி லாரியோட ஆயில் மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். உள்பக்கம் முழுக்க வெளுத்த பழுப்பு நிறத்தில் தயிர் மாதிரி ஒட்டிக்கிடந்தது.

பார்த்த உடனே சொன்னேன்: "ஹெட் கேஸ்கட் போயிடுச்சுப்பா. ரேடியேட்டர் தண்ணி ஆயில்ல கலக்குது." மூன்றாம் வருஷ மாணவன் இல்லையா, அவ்வளவு நம்பிக்கை! ஹெட்டைக் கழற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டார். குத்துமதிப்பாக ஒரு தொகை சொன்னேன். அன்று ராத்திரி, செயினை அடகு வைக்கலாம் என்று அம்மா மெதுவாகப் பேசியது என் காதில் விழுந்தது. அப்புறம் தூக்கம் வரல.

காலையில் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரேடியேட்டர்ல தண்ணி குறையவே இல்லையேடா. அப்ப ஆயில்ல எந்தத் தண்ணி கலக்குது?"

என்னிடம் பதில் இல்லை. ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் கறுப்பாக, சுத்தமாகத்தான் இருந்தது, அளவும் ஏறவில்லை. வாசலில் அடுப்பு மூட்டி, அம்மா தூக்கிப்போட்ட பழைய தோசைக்கல்லைக் காயவைத்தேன். மூடியில் இருந்ததை ஒரு சொட்டு விட்டதும் படபடவென்று பொரிந்தது. தண்ணீர் இருக்கிறது. ஸ்டிக்கில் இருந்த ஆயிலை விட்டேன். புகைந்தது, பொரியவில்லை. ஆக, தண்ணீர் மூடிக்கு அடியில் மட்டும்தான்.

அது எங்கிருந்து வந்தது? டீசலில் இருந்துதான். டீசலின் எடையில் ஏறக்குறைய 13 சதவீதம் ஹைட்ரஜன். 1 கிலோ ஹைட்ரஜன் எரிந்தால் 9 கிலோ தண்ணீர். கணக்குப் போட்டுப் பாருங்க, 1 லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகக் கிடைக்கும். பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்கும். இன்ஜின் நல்லா சூடானால் அதுவும் பிரீதர் பைப் வழியாக வெளியேறிவிடும். சூடாகாவிட்டால், எந்த இடம் அதிகக் குளிர்ச்சியோ அங்கே போய்ப் படியும். அதுதான் மூடி.

எங்க வண்டி ஏன் சூடாகல? குச்சிக்கிழங்கு அறுவடை நேரம். காட்டில் லோடு ஏற்றி, ஆத்தூர் சேகோ மில்லுக்குப் போக நிற்கும் பெரிய லாரி வரைக்கும் ஓட்டுவார். ஒரு நடை மூணு கிலோமீட்டர்கூட வராது. இறக்கிவிட்டு ரெண்டு மணி நேரம் நிற்கும். அதுக்குள்ள பனியில் இன்ஜின் ஆறிடும். மாசம் முழுக்க இதே கதை.

அதோடு இன்னொன்று. முந்தின கோடையில் மலை ஏறும்போது வண்டி கொதித்திருக்கிறது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குண்ணே" என்று ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வையே எடுத்துப் போட்டுவிட்டார். அந்த வால்வு இருந்தால் 80 டிகிரி சுமாருக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது. இன்ஜின் சீக்கிரம் சூடாகும். அது இல்லாததால் ஸ்டார்ட் பண்ணின நொடியிலிருந்தே குளிர்ந்துகொண்டு இருந்தது. டெம்பரேச்சர் முள் கீழேயே கிடந்ததை, "வண்டி ஐஸ் மாதிரி ஓடுது" என்று அப்பா பெருமையாகத்தான் நினைத்திருந்தார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தாலோ, ஆயில் அளவு ஏறினாலோ, ஸ்டிக்கிலேயே ஆயில் வெளுத்திருந்தாலோ, என் கதையை நம்பி வண்டியை ஓட்டாதீங்க. உடனே நிறுத்துங்க.

கள்ளக்குறிச்சி போய் புது வால்வு போட்டோம். ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். செயின் அம்மா கழுத்திலேயே இருந்தது.

திரும்பும்போது கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலை ஏறினோம். முள் மெதுவாக நடுவுக்கு வந்து நின்றது. அப்பா பதறி ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தார்.

"சூடாகுதுடா!"

"ஆகட்டும்பா. நீங்க ஓட்டுங்க."