ஹெவ்லொக் டவுனில் முதற் பாடம்

வெள்ளவத்தையை அறியாத ஈழத்தமிழர் இலர். அதன் அயலிலே, கடலை விட்டுச் சற்று உள்ளே அமைந்த ஹெவ்லொக் டவுனை நன்கறிந்தோரோ சிலரே. தபால் முறைப்படி முன்னது கொழும்பு 6; பின்னது கொழும்பு 5. 1890 முதல் 1895 வரை இலங்கைத் தேசாதிபதியாய் இருந்து, பின்னர் சென்னை மாகாணத்தையும் ஆண்ட சேர் ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயரை இவ்வூர் தாங்கி நிற்கின்றது. மதில் சூழ்ந்த பழைய வீடுகளும், அவற்றிடையே வானளாவ எழுந்த மாடிமனைகளும் இன்று இங்கே அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். ஹெவ்லொக் வீதியால் வடக்கே சென்றால் தும்முல்லைச் சந்தி. அதற்கப்பால் கொழும்புப் பல்கலைக்கழகம். ஆகவே, விரிவுரைகள் தொடங்குமுன் வந்து அறை தேடும் மாணவர்க்கு இது வாய்ப்பான இடமாகும்.

ஒரு காலத்தில் உயர்கல்வி வேண்டுவோர் கப்பலேற வேண்டியிருந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிறிட்ஜ் சென்று கற்றார். அவ்வாறு கற்று மீண்டவரே, நம் நாட்டிற்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906 இல் சங்கம் கண்டு உழைத்தார். 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. கடல் கடக்கும் தேவை குறைந்தது. எனினும், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து வரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கொழும்பு இன்றும் பாதிப் பரதேசமே. மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வருவோர்க்கும் அஃது அவ்வாறே.

வந்தவுடன் வேண்டுவது அறை. வாடகை எவ்வளவு, முற்பணம் எத்தனை மாதத்திற்கு, தண்ணீருக்கும் மின்சாரத்திற்கும் தனிக் கணக்கா, சமைக்க விடுவார்களா, படலை எத்தனை மணிக்குப் பூட்டப்படும், திறப்பு யார் கையில் என்பனவற்றையெல்லாம் முதல் நாளே கேட்டறிதல் வேண்டும். கொடுத்த பணத்திற்குப் பற்றுச்சீட்டு வாங்குவதில் வெட்கம் ஆகாது. வீட்டிலிருந்து கட்டிவந்த மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் சில நாளில் தீர்ந்துவிடும். அதன் பின்னரே பிள்ளை காலையில் பாணும் பருப்பும், மதியத்தில் சோற்றுப் பார்சலும் என ஊரோடு ஒத்துப் போகின்றது.

தாய்நாவிற்கும் தமிழ்ச் செவிக்கும் ஏக்கம் மேலிட்டால் வெள்ளவத்தை நடை தூரத்திலேயே உள்ளது. மயூரபதி அம்மன் ஆலயமும், இராமகிருஷ்ண மிஷனும், 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் அங்கே உள்ளன. வகுப்புத் தொடங்கிய பின் கிட்டாத ஓய்வு இப்பொழுது உண்டு. நூலகத்தில் அமர ஏற்ற காலம் இதுவே.

நிற்க. பிள்ளைகள் எல்லோரும் வெள்ளவத்தையிலேயே தங்கிவிட்டால் என்ன என்று பெற்றோர் வினவுவர். அவ்வினாவின் பின்னே அச்சம் இருக்கின்றது. 1983 யூலையில் இப்பகுதிகளில் தமிழர் இல்லங்கள் எரிந்தமையை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. 2007 யூன் 7 ஆம் நாள் வெள்ளவத்தை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து தமிழர் நூற்றுக்கணக்கானோர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து ஆணையிட்டது. இவற்றை நினைவிற் கொண்ட தாய், தன் பிள்ளை தமிழர் நடுவே இருக்க விரும்புதல் இயல்பே. அதனை நாம் குறை கூறோம்.

ஆயினும், தமிழ்க் கடை, தமிழ் ஒழுங்கை, தமிழ் நண்பர் என்று நான்காண்டையும் கழித்துப் பட்டத்தோடு திரும்பும் பிள்ளை, தலைநகரில் வாழ்ந்தும் அதனை அறியாமலே மீள்கின்றது. ஹெவ்லொக் டவுனில் அஃது இயலாது. இறங்குமிடத்தைப் பேருந்து நடத்துநரிடம் சொல்ல "பஹினவா" வேண்டும். விலை கேட்க "கீயத" வேண்டும். கடைக்காரர் "மல்லி" என்று அழைக்க, 'நாம் மல்லி வாங்க வரவில்லையே' எனப் புதியவர் திகைப்பர். அவரோ தம்பி என அன்போடு விளித்தார்! 'அக்கா' இரு மொழிக்கும் பொது. நாம் பெரியோரை அழைக்கும் 'ஐயா', அவர்கள் வாயில் அண்ணனைக் குறிக்கும். பத்துச் சொல் கற்றவனுக்குக் கடைக்காரர் பதினோராவது சொல்லைத் தாமே கற்பிப்பார். அச்சம் முற்றிலும் நீங்குமென்று நாம் சொல்லவில்லை. முகம் தெரியாத கூட்டம் பெயர் தெரிந்த அயலவராய் மாறுகின்றது என்கின்றோம். இடர் வந்த நாட்களில் நம்மவருக்குக் கதவு திறந்து புகலிடம் தந்த சிங்கள அயலவரும் உண்டன்றோ?

இவ்வூரின் பௌத்த விகாரைக்கு இசிபதனாராமய என்று பெயர். இசிபதனம் என்பது, புத்தர் பெருமான் முதற் போதனை செய்த சாரநாத்தின் பழம்பெயர். பல்கலைக்கழகத்தின் முதல் விரிவுரைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கலாம். அயலாரோடு பேசிப் பழகும் முதற் பாடத்திற்கு மணி அடிக்கக் காத்திருத்தல் வேண்டா. பெற்றோர் பிள்ளையின் பெட்டியில் வைக்கும் பொருள்களோடு சிறியதொரு சிங்கள அரிச்சுவடியையும் வைத்தனுப்புவாராக.