போலு மலையின் குடைவழி

இஸ்தான்பூலிலிருந்து அங்காராவுக்குத் தரைவழியே செல்வோர், துஸ்ஜே சமவெளியைக் கடந்ததும் போலு மலையை எதிர்கொள்வர். துருக்கி முழுவதும் புகழ்பெற்ற சமையற்கலைஞர்களைத் தந்த மெங்கன் என்னும் ஊர் இம்மலைக்கு அப்பால் உள்ளது. பழைய சாலை வளைந்து வளைந்து மேலேறும். குளிர்காலப் பனியில் சரக்கு லாரிகள் வழியில் தேங்கி நிற்பது வாடிக்கை. இன்றைய நெடுஞ்சாலையோ நீண்ட பாலமொன்றைக் கடந்து, ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளமுள்ள இரட்டைச் சுரங்கப் பாதையில் நுழைந்து மறுபுறம் வெளிப்படுகிறது. சில நிமிடப் பயணம்தான். அதற்காக 1993 முதல் 2007 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் வட அனத்தோலிய நிலப்பிளவு இவ்வழியே செல்கிறது. அதன் இருபுறத்து நிலமும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் எதிரெதிராக நகர முயல்கிறது. நகரவிடாமல் பாறைகள் பிடித்துக்கொண்ட இடத்தில் விசை சேர்ந்து, ஒருநாள் வெடித்துப் புறப்படுகிறது.

1999 ஆகஸ்ட் 17 அன்று இஸ்மித் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கம் 17,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அப்போது கட்டப்பட்டு வந்த போலு சுரங்கத்திற்குப் பெருஞ்சேதம் இல்லை. அந்த நிம்மதி மூன்று மாதமும் நீடிக்கவில்லை. நவம்பர் 12 வெள்ளிக்கிழமை மாலை, துஸ்ஜேயிலேயே 7.2 அளவில் நிலம் அதிர்ந்தது. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிளவு பாலத்தின் அடியிலேயே குறுக்கிட்டுச் சென்றது. கிழக்கு வாயிலிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே இரு சுரங்கங்களும் இடிந்து விழுந்தன.

பூமி குலுங்கும்போது சுரங்கத்துள் இருப்பதே பேராபத்து என நாம் எண்ணுகிறோம். பொறியாளர் கணக்கு வேறு. தரைமேல் நிற்கும் கட்டடம் தனியே ஊசலாடும். சுரங்கமோ தன்னைச் சூழ்ந்த பாறையோடு சேர்ந்தே அசையும். ஆழம் கூடக்கூட அதிர்வும் பொதுவாகக் குறையும். ஆகவே மலை முழுவதையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாகாது. பிளவு குறுக்கிடும் இடம், மண் சரியக்கூடிய வாயில், நொறுங்கிய பாறை என மீட்டர் மீட்டராகச் சோதித்தே ஆபத்தை அளவிடுகின்றனர்.

போலுவில் இடிந்த பகுதியில் பாறை அரைபட்டுக் களிமண்ணாகியிருந்தது. கனத்த காங்கிரீட் உட்சுவர் அங்கே இன்னும் கட்டப்படவில்லை. தெளித்த காங்கிரீட்டும் பாறையில் செருகிய இரும்புக் கம்பிகளுமே தாங்கி நின்றன. முடிந்த சுரங்கத்தை மனத்தில் வைத்தே ஆபத்தைக் கணிப்பது வழக்கம். அரைகுறையாக நிற்கும் ஆண்டுகளையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பதே எம் கருத்து. நிலநடுக்கம் திறப்பு விழாவரை காத்திருப்பதில்லை அல்லவா!

இடிந்த பகுதியைக் கைவிட்டு, அதனைச் சுற்றிப் புதுவழி குடைந்தனர். பிளவுகளைக் கடக்குமிடத்தில் உட்சுவரை ஒரே குழாயாக வார்க்காமல் குறுகிய வளையங்களாகப் பிரித்து, இடையே நெகிழும் இணைப்புகளை வைத்தனர். நிலம் மீண்டும் விலகினால் ஒவ்வொரு வளையமும் சற்றே நகர்ந்து கொடுக்கும்.